முட்டை ட்ரேயைக் கழட்டுங்க பாஸ்! கம்மி பட்ஜெட்டில் ஜாம் ரூமை ரெக்கார்டிங் ரூமாக மாற்றுவது எப்படி?

நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்தாகிவிட்டது. பேர் வைக்கவே மூணு மாசம் சண்டை போட்டாச்சு. டிரம்மர் வீட்டு மொட்டை மாடி ரூம்தான் பிராக்டிஸ் பண்ணும் இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, ஒரு ஜன்னல், ஒரு கதவு. இப்போ சொந்தப் பாட்டு ஒன்று ரெடி. ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்தால் கட்டுப்படியாகாது. "நம்ம ரூம்லயே பண்ணிடலாம்டா" என்று ஆடியோ இன்டர்ஃபேஸ், நாலு மைக் எல்லாம் கடன் வாங்கி ரெக்கார்டும் பண்ணியாச்சு. ஹெட்போனில் போட்டுக் கேட்டால், மொத்தப் பாட்டும் கிணத்துக்குள்ளிருந்து வருகிறது. டிரம்ஸ் மட்டும் தகர டப்பா மாதிரி. பேஸ் கிட்டார் ஒரு நோட்டில் மட்டும் ‘பூம்’ என்று வீங்குகிறது, அடுத்த நோட்டில் ஆளையே காணோம்.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். "மளிகைக் கடையில முட்டை ட்ரே கேட்டு வாங்கி செவுத்துல ஒட்டிடலாம்." கொஞ்சம் காசு இருப்பவர்கள், ஆன்லைனில் பிரமிட் பிரமிடாக வெட்டிய கறுப்பு ஃபோம் ஆர்டர் போடுவார்கள். ரூம் பார்க்க ஸ்டூடியோ மாதிரியே ஆகிவிடும். ரீல்ஸ் எடுக்கவும் சூப்பரா இருக்கும். ஆனால், பாட்டு? அதே கிணறு. இந்த முறை கிணற்றின் மேல் போர்வை போட்டு மூடிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது, அதே காசில் (சில சமயம் காசே இல்லாமல்) எதைச் செய்தால் உருப்படியாக இருக்கும் என்று பார்ப்போம். நடுவில் ஃபோம் பற்றி ஒரு சீரியஸான விஷயமும் இருக்கிறது. அதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க.

முதலில் ஒரு கைதட்டல்

ரூமுக்கு நடுவே நின்று ஒரே ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஒரு சின்ன அதிர்வு தொடர்ந்து கேட்கிறதா? பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கு நடுவில் சத்தம் பந்து விளையாடுகிறது. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடும். பத்தடி போய் பத்தடி திரும்பினால் 20 அடி. ஆக, வினாடிக்குச் சுமார் 56 முறை அந்தக் கைதட்டல் போய்த் திரும்புகிறது. உங்கள் டிரம்மர் ஸ்னேரில் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் இதேதான் நடக்கிறது. நம் காது அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மைக்குக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது டெஸ்ட் இன்னும் ஜாலியானது. போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் இறக்கி, 56 ஹெர்ட்ஸ் வைத்து, போனை பேஸ் ஆம்ப்பில் கனெக்ட் பண்ணுங்கள். வால்யூமை மிதமாக வைத்துவிட்டு, பத்தடி அகலத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மெதுவாக நடங்கள். சுவர் பக்கத்தில் சத்தம் நெஞ்சில் இடிக்கும். நடுவில் வந்தால் கிட்டத்தட்ட காணாமல் போகும். யாரும் வால்யூமைத் தொடவே இல்லை. ரூமின் அகலமும் அந்த ஒலியின் அலை நீளமும் பொருந்திப்போவதால் வரும் வினை இது.

பேஸ் கிட்டாரில் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். பத்தடி ரூமின் சொந்த ‘சுருதி’ 56-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த நோட்டு மட்டும் ஏன் வீங்குகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். உயரமும் பத்தடி என்றால் தரைக்கும் தளத்துக்கும் நடுவிலும் அதே சுருதிதான். இரண்டும் சேர்ந்து ஒரே நோட்டில் கும்மியடிக்கும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவில் இருக்கும் ரூம்தான் இந்த விஷயத்தில் ரொம்ப மோசம். ரூம் தேடும் நிலையில் இருந்தால், சதுர ரூமைவிட நீளமான ரூமைப் பிடியுங்கள்.

முட்டை ட்ரே ஏன் வேலைக்கு ஆகாது?

சத்தத்தை உறிஞ்சுவது என்றால் என்ன? காற்றின் அசைவை ஏதாவது ஒரு நாருக்குள் சிக்கவைத்து, உரசவைத்து, அந்தச் சக்தியைத் துளியளவு சூடாக மாற்றுவது. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, காற்று உள்ளே நுழையும்படியான நெருக்கமான நார். இரண்டு, தடிமன். முட்டை ட்ரேயில் இரண்டுமே சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. மேடு பள்ளம் இருப்பதால் ஏதோ செய்யும் போலத் தெரிகிறது. நிஜத்தில் அது மெல்லிய காகிதக் கூழ். ஹை ஃப்ரீக்வென்சியில் கொஞ்சம் கைவைக்கும், கீழே ஒன்றும் செய்யாது.

ஒரு இன்ச் ஃபோமின் கதையும் இதே ரகம்தான். சிம்பல், ‘ஸ்’ ஒலி போன்ற மேல் ஸ்தாயி சத்தங்களை நன்றாகவே விழுங்கும். கீழே இறங்க இறங்க அதன் ஜம்பம் பலிக்காது. பேஸ் கிட்டாரின் கீழ் ஈ நோட்டு 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலையின் நீளம் 27 அடிக்கு மேல்! அத்தனை பெரிய அலைக்கு ஒரு இன்ச் ஃபோம் எல்லாம் சுவரில் அடித்த பெயின்ட் மாதிரி. ரூம் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டினால் மேல் ஒலிகள் செத்துப்போய், கீழ் ஒலிகள் மட்டும் பழையபடி ஆட்டம் போடும். போர்வை எஃபெக்ட் வருவது இதனால்தான். வெறும் சுவரே தேவலை என்று தோன்றும்.

தேவைப்படுவது தடிமன். குறைந்தது நாலு இன்ச்.

ஒரு புரொஃபசரும் சில நூறு மெத்தைகளும்

‘லோ பட்ஜெட்’ என்றதும் தாழ்வாக நினைக்க வேண்டாம். அறை ஒலியியல் என்ற அறிவியலே கடன் வாங்கிய மெத்தைகளில் ஆரம்பித்ததுதான். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகம் என்ற புதுக் கட்டடம் எழும்பியது. அதன் லெக்சர் ஹாலில் பாடம் நடத்தினால் ஒரு வார்த்தை புரியவில்லை. பேசிய சொல் 5 வினாடிக்கு மேல் காற்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ‘இதைச் சரி பண்ணிக் கொடுப்பா’ என்று இயற்பியல் துறையின் இளம் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் விட்டார்கள்.

அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து ஹாலில் அடுக்கினார். ஊர் அடங்கிய நேரத்தில் ஒரு ஆர்கன் குழாயை ஊதவைத்து நிறுத்தி, சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் குறித்தார். மெத்தைகளைக் கூட்டினார், குறைத்தார், திரும்ப அளந்தார். விடிவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். இப்படிச் சில வருடங்கள். கடைசியில் ஒரு எளிய ஃபார்முலா கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவர் ஆலோசனை சொன்ன பாஸ்டன் சிம்பனி ஹால் 1900-ல் திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஃபார்முலா உங்கள் மொட்டை மாடி ரூமுக்கும் பொருந்தும். ரூமின் கன அடியை 0.049-ஆல் பெருக்கி, ரூமில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்க ஆகும் வினாடி கிடைக்கும். நம்ம ரூம் 12 x 10 x 10, அதாவது 1,200 கன அடி. சுவர், தரை, தளம் எல்லாம் சேர்த்து 680 சதுர அடி. வெறும் சிமென்ட்டும் டைல்ஸும் தன்மேல் விழும் சத்தத்தில் சில சதவிகிதம்தான் உறிஞ்சும். 3 சதவிகிதம் என்று வைத்தால், உறிஞ்சும் பரப்பு வெறும் 20 சதுர அடி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 வினாடி. கதவு, ஜன்னல், மூலையில் கிடக்கும் மூட்டை முடிச்சு புண்ணியத்தில் நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஆனாலும், பேண்ட் ரெக்கார்டிங்குக்கு அது ரொம்ப அதிகம்.

இப்போது நல்ல தடிமனான பேனல் பத்து வைக்கிறோம். ஒவ்வொன்றும் 1 மீட்டருக்கு 60 செ.மீ. மொத்தம் 65 சதுர அடி. கூட்டிப் பார்த்தால் 85. திரும்ப வகுத்தால், 0.7 வினாடி! உள்ளே நிற்கும் நாலைந்து பேர் ஆளுக்கு நாலு சதுர அடி உறிஞ்சுவார்கள் என்று வைத்தால் (ஆமாம், மனுஷனும் நல்ல அப்சார்பர்தான்) 0.6-க்குக் கீழே வந்துவிடும். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் மூடியிருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். சின்ன ரூமில் இந்தக் கணக்கு துல்லியமாக வராது, கீழ் ஸ்தாயியில் ஏமாற்றும். ஆனால் ‘எத்தனை பேனல் போதும்’ என்று முடிவெடுக்க இதைவிடச் சீப்பான வழி கிடையாது.

ஒரு கொசுறுத் தகவல்... சபைன் உறிஞ்சும் திறனுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது திறந்த ஜன்னலை. வெளியே போன சத்தம் திரும்ப வராதே! அந்த வகையில் உங்கள் ரூமின் மிகச் சிறந்த அப்சார்பர் ஜன்னல்தான். பக்கத்து வீட்டு ஆன்ட்டியைத்தான் சமாளிக்க வேண்டும்.

ஃபோம்... கொஞ்சம் சீரியஸாக!

ஃபோம் வேண்டாம் என்பதற்குத் தடிமனைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

2003 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ‘தி ஸ்டேஷன்’ என்ற கிளப். மேடையைச் சுற்றிச் சுவரில் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருந்தார்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தான். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் கொளுத்திய வாணவேடிக்கைப் பொறி ஃபோமில் பட்டது. சில நிமிடங்களில் கட்டடமே எரிந்தது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியா நகரில் ‘கிஸ்’ கிளப், தளத்தில் ஒட்டிய ஃபோம், அதே மாதிரி பொறி. 242 உயிர்கள். 2015 அக்டோபர் 30-ல் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் ‘கொலெக்டிவ்’ கிளப். ‘குட்பை டு கிராவிட்டி’ என்ற பேண்ட் புது ஆல்பத்தை வெளியிட்ட இரவு அது. இறந்தவர்கள் 64. மேடையிலிருந்த ஐந்து பேரில் உயிர் பிழைத்தவர் பாடகர் மட்டுமே.

"நாங்க என்ன ரூமுக்குள்ள பட்டாசா வெடிக்கப் போறோம்?" நியாயமான கேள்விதான். ஆனால், நம் ஜாம் ரூம்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஆம்ப், லேப்டாப் சார்ஜர், டேபிள் ஃபேன். மூலையில் கொசுவர்த்தி. ஆயுத பூஜை அன்றைக்கு டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவோம். கதவு ஒன்றே ஒன்று, அதற்கு முன்னால் கீபோர்டு ஸ்டாண்ட். சாதாரண ஃபோம் பற்றினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்த புகை வரும். தீ தொடும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். சோபா, மெத்தைக்குப் போடும் பாக்கிங் ஃபோமைச் சுவரில் ஒட்டுவது, பற்றவைக்கக் காத்திருக்கும் வால்பேப்பரை ஒட்டுவதற்குச் சமம். முட்டை ட்ரேயும் எரியும். தெர்மாகோலும் எரியும், உருகிச் சொட்டும். அது சத்தத்தையும் உறிஞ்சாது.

ஃபோம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், தீத்தடுப்புச் சான்று உள்ளதா என்று விற்பவரிடம் பேப்பரில் கேளுங்கள். "அதெல்லாம் எரியாது சார்" என்ற வாய் வார்த்தை சான்று ஆகாது.

கேட்க வேண்டிய பெயர்: ராக்வூல்

எரிமலைப் பாறையை உருக்கி, பஞ்சு மிட்டாய் மாதிரி நாராகச் சுற்றி, பலகையாக அழுத்தினால் ராக்வூல். கல் என்பதால் எரியாது. உருகவே 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். இது மியூசிக் கடையில் கிடைக்காது. தொழிற்சாலை பாய்லர், ஏசி டக்ட், கூரைத் தகடு ஆகியவற்றுக்கு இன்சுலேஷன் விற்கும் கடைகளில் கேளுங்கள். ‘அக்கூஸ்டிக்’ என்ற வார்த்தையைச் சொல்லாமல் கேட்பது நல்லது. அந்த ஒரு வார்த்தைக்கே தனி ரேட் இருக்கிறது. ‘48 அல்லது 64 டென்சிட்டி, ஸ்லாப்’ என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 50 மி.மீ. தடிமனில் வாங்கி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நாலு இன்ச். 48 டென்சிட்டியில் ஒரு மீட்டருக்கு 60 செ.மீ. பேனலில் கம்பளியின் எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கம்மிதான்.

சுற்றிலும் ரீப்பர் கட்டையில் ஒரு ஃபிரேம். பக்கத்துத் தெரு கார்பென்டர் அரை நாளில் பத்து அடித்துத் தந்துவிடுவார். உள்ளே ஸ்லாபைச் சொருகி, முன்னும் பின்னும் காடா துணி போர்த்தி ஸ்டேப்ளர் கன்னால் இழுத்துக் கட்டினால் முடிந்தது. துணி விஷயத்தில் ஒரே ஒரு ரூல். வாயில் வைத்து ஊதுங்கள், காற்று மறுபக்கம் தாராளமாகப் போக வேண்டும். ரெக்சின், ஃபிளெக்ஸ் பேனர், பிளாஸ்டிக் பூச்சுத் துணி எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடித்துவிடும். அதே காரணத்தால் பின்பக்கம் பிளைவுட் அடிக்காதீர்கள். வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டை, கிளவுஸ், மாஸ்க் கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால், அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ரூமில் வைத்து வெட்டாமல் வெளியில் வெட்டுங்கள்.

மாட்டும்போது ஒரு காசில்லாத ட்ரிக். பேனலைச் சுவரோடு ஒட்டாமல், கட்டைத் துண்டு கொடுத்து நாலு இன்ச் தள்ளி மாட்டுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை. தள்ளி வந்தால்தான் அசைவு அதிகம். நார் அங்கே இருந்தால்தானே பிடிக்கும்? நாலு இன்ச் கம்பளியும் நாலு இன்ச் வெற்றிடமும் சேர்ந்தால், சுமார் 100 ஹெர்ட்ஸ் வரைக்கும்கூட ஓரளவு பலன் தெரியும். காற்றுக்குக் காசு கிடையாது!

எங்கே மாட்டுவது? ஒரே சுவரை முழுக்க மூடாதீர்கள். இந்தச் சுவரில் பேனல் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே வெறும் சுவர், வெறும் சுவருக்கு எதிரே பேனல் என்று சதுரங்கப் பலகை மாதிரி மாற்றி மாற்றி வந்தால், குறைந்த பேனலில் அந்த ‘ட்ர்ர்ர்’ போய்விடும். பத்தில் இரண்டை டிரம்ஸுக்கு மேலே தளத்தில் தொங்கவிட வேண்டும். டிரம்மரின் தலைக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் எதிரி அந்தத் தளம்தான். ஆங்கர் போல்ட் போட்டு, செயினில் மாட்டுங்கள். ஆணியை நம்பி டிரம்மர் தலைக்கு மேல் எதையும் தொங்கவிடாதீர்கள். டிரம்மர் கிடைப்பது கஷ்டம்!

மூலைகள் தனி ரகம். கீழ் ஸ்தாயி ஒலிகளெல்லாம் வந்து குவியும் இடம் ரூமின் மூலைகள்தான். அங்கே பேனலைக் குறுக்காக, முக்கோணமாக நிறுத்தினால் பின்னால் தானாகவே பெரிய காற்று இடைவெளி கிடைக்கும். அதுகூட வேண்டாம், எனக்குப் பிடித்த சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து வந்த ராக்வூல் பண்டிலை, பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்காமல் மூலையில் தரையிலிருந்து மேலே வரை அடுக்கிவிடுவது. மெல்லிய கவர் ஹை ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் திருப்பும், பேஸுக்கு அது ஒரு தடையே இல்லை. கவரில் பொத்தல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவ்வளவு செய்தும் 41, 47 ஹெர்ட்ஸ் பக்கம் முழுசாக அடங்காது. சின்ன ரூமில் அதை அடக்க ரூமில் பாதியைக் கம்பளிக்கே கொடுக்க வேண்டும். அதனால் பேஸ் கிட்டாரை மைக்கில் பிடிக்கவே வேண்டாம். நேராக இன்டர்ஃபேஸில் சொருகுங்கள். ரூம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்து பைசா செலவில்லாமல்

ராக்வூலுக்கும் காசில்லையா? வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் அருமையான சரக்கு. தடிமன் இருக்கிறது, நார் இருக்கிறது. மாடியில் துணி காயப்போடும் ஸ்டாண்டை விரித்து, அதன்மேல் மெத்தையைத் தொங்கவிட்டால் நகரும் தடுப்பு ரெடி. ஸ்டூடியோக்காரர்கள் ‘கோபோ’ என்று காசு கொடுத்து வாங்குவது கிட்டத்தட்ட இதைத்தான். டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் நடுவில் ஒன்று, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒன்று. பாடகருக்கு முன்னால் வைப்பதைவிடப் பின்னால் வைப்பதுதான் முக்கியம். மைக் பார்ப்பது அவர் முகத்தையும், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தானே! மூட்டையாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணியையும் ஃபிரேமுக்குள் அடைக்கலாம். ஜமக்காளம் தரைக்கு மட்டும். டிரம்ஸ் நகராமல் இருக்கும், டைல்ஸின் பளீர் ஒலி குறையும். அதைச் சுவரில் தொங்கவிட்டுப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இவையெல்லாம் எரியக்கூடியவை. ரெக்கார்டிங் அன்றைக்குக் கொண்டுவந்து, முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நிரந்தரமாகச் சுவரில் அடிக்க வேண்டாம்.

அடுத்தது மைக். வாத்தியத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடி ஒலி 6 டெசிபல் கூடும். ரூமின் ஒலி அப்படியே இருக்கும். அந்த 6 டெசிபலை உங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது ஒரு ஜாண் நகர்த்தல்! ஷ்யூர் எஸ்எம்58 மாதிரியான கார்டியாய்டு மைக்குகள் முன்னால் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் கிட்டத்தட்ட செவிடு. அந்த முதுகை டிரம்ஸைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து 1 அடியில் இருந்தால், பக்கத்து மைக் அதிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி இருக்கட்டும். ஒரே சத்தம் இரண்டு மைக்கில் ஏறி ஒன்றையொன்று தின்னுவது குறையும்.

பிறகு, ‘கிர்ர்’ வேட்டை. பேஸில் கீழ் ஈயிலிருந்து ஒவ்வொரு நோட்டாக வாசித்துக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு நோட்டில் ஸ்டீல் பீரோ கதவு நடுங்கும், இன்னொன்றில் ட்யூப்லைட் பட்டி, மற்றொன்றில் ஜன்னல் கண்ணாடி. மடித்த பேப்பரும் டேப்பும் போதும், எல்லாம் அடங்கும். சீலிங் ஃபேனை ஆஃப் பண்ணித்தான் ஆக வேண்டும். சென்னை மே மாதத்தில் இது கொடூரமான யோசனைதான். நாலு நிமிஷ டேக், நாலு நிமிஷம் ஃபேன் என்று மாறி மாறி ஓட்டுங்கள். டிரம்ஸும் கிட்டாரும் வியர்வையோடு சேர்ந்து ஒரே டேக்கில் போகட்டும். பாட்டை மட்டும் அப்புறம் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

பணமே செலவாகாத இன்னொரு ஐட்டம், டிரம்மரைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்வது. சின்ன ரூமில் இதைவிடப் பெரிய ட்ரீட்மென்ட் கிடையாது. சொல்கிற தைரியம் யாருக்கு என்பதை பேண்டுக்குள் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எதிரொலியே ஆகாது என்பதும் இல்லை. லெட் செப்பலின் 1971-ல் வெளியிட்ட நான்காவது ஆல்பத்தின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டில் வரும் பிரமாண்டமான டிரம்ஸ், இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் பதிவானது. கீழே டிரம்ஸ், மேல் மாடியில் இரண்டு மைக், அவ்வளவுதான். உயரமான மாடிப்படியின் எதிரொலிக்கும், பத்தடி ரூமின் ‘ட்ர்ர்ர்’ சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் கேட்டுப் பாருங்கள். உங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டில் மதியம் இரண்டு மணிக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு டேக் எடுத்துப் பார்க்கலாம். வாட்ச்மேன் அண்ணாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிரச்னை

இத்தனை பேனல் மாட்டியும் கீழ்வீட்டு அங்கிள் கதவைத் தட்டுகிறார் என்றால் ஆச்சர்யப்படாதீர்கள். ரூமுக்குள் ஒலியைத் திருத்துவது வேறு, வெளியே போகாமல் தடுப்பது வேறு. உறிஞ்சுவதற்குக் காற்று நுழையும் பஞ்சு வேண்டும். தடுப்பதற்குக் காற்றே நுழையாத கனம் வேண்டும். பஞ்சை எவ்வளவு ஒட்டினாலும் சுவராகாது. ஒன்பது இன்ச் செங்கல் சுவர் ஏற்கெனவே நல்ல தடுப்புதான். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கதவுக்கு அடியில் உள்ள சந்து, ஜன்னல் ஓரம், ஏசி பைப் போகும் துளை. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவைச் சுற்றி ரப்பர் பீடிங், அடியில் ஒரு பட்டை, துளைக்குச் சிமென்ட். சில நூறு ரூபாயில் நடக்கும் இந்த வேலை, ரூம் முழுக்க ஒட்டும் ஃபோமைவிட அதிகம் சாதிக்கும். ஆனால், கதவைத் திறக்கவே முடியாதபடி அடைத்துவிடாதீர்கள். வெளியே ஓட வேண்டி வந்தால் அந்த ஒரு கதவுதான்!

நேரமும் முக்கியம். இந்தியாவில் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. டிரம்ஸ் கிட் பக்கத்தில் நின்றால் 100-ஐச் சாதாரணமாகத் தாண்டும். ஞாயிறு மதியம் பிரியாணிக்குப் பிறகு ஊரே தூங்கும்போது கிக் டிரம் டியூன் பண்ணுவது சட்டப்படி என்னவோ, நட்புப்படி தப்பு.

பேனலைச் சுவரில் நிரந்தரமாக அடிக்காமல், கால் வைத்து நிறுத்துகிற மாதிரி செய்துகொண்டால் இன்னொரு வசதியும் உண்டு. தளத்தில் தொங்கும் இரண்டைத் தவிர எதற்கும் டிரில் போட வேண்டாம். ரூமைக் காலி பண்ணச் சொன்னால் மொத்தத்தையும் ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு அடுத்த மொட்டை மாடிக்குப் போய்விடலாம். ஹவுஸ் ஓனர் எப்படியும் அட்வான்ஸில் பெயின்ட்டிங் சார்ஜ் பிடிப்பார், அதற்கு எந்த ட்ரீட்மென்ட்டும் கிடையாது.